ஓட்டுநர் பேரில் ஒரு புழு

அந்தக் கடலாய்வு நிலையத்தில் யாரையும் பெற்றவர்கள் வைத்த பெயரால் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. எதை ஆராய்கிறார்களோ அதுதான் பெயர். நண்டை ஆராய்கிறவர் நண்டு. பாசியை ஆராய்கிற பெண் பாசி. சிப்பி ஆராய்கிறவர் மட்டும் கொடுத்து வைத்தவர், அவர் முத்து. இந்தக் கணக்குப்படி, மாடியின் கிழக்கு அறையில் இருபத்து நான்கு வருடமாகக் கடற்புழுக்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாளுக்கு என்ன பெயர் வந்திருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. எந்நேரமும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டிக்கொண்டிருந்ததால் கண்ணாடியம்மா ஆனார். அவருக்கு வர வேண்டிய பெயர் ஜீப் ஓட்டுநரின் தலையில் விடிந்தது. அந்த வளாகத்தில் 'புழு' என்றால் ஓட்டுநர்தான். அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. கூப்பிட்டால் பெருமையாகவே திரும்பிப் பார்ப்பார். அதற்குக் காரணம் இருந்தது.

பாறைக்கரையில் நீர் வற்றும் நேரம் பார்த்துக் கல்லைப் புரட்டினால் இந்தப் புழுக்கள் நெளியும். மண்புழு மாதிரி மொழுமொழுவென்று இருக்காது. உடம்பெல்லாம் வளையம் வளையமாக, ஒவ்வொரு வளையத்துக்கும் இரண்டு பக்கமும் குட்டிக் கால், காலுக்குக் கால் கொத்து முள். அதனால் முட்புழு. ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும், பிரித்துச் சொல்லத் தொண்டையைத்தான் பார்க்க வேண்டும். சட்டைக் கையை உள்ளிருந்து வெளியே இழுத்துவிடுவது போல இவை தொண்டையை வெளியே தள்ளும். அதன்மேல் கடுகைவிடச் சிறிய பற்கள், எட்டுக் கூட்டமாக நிற்கும். எந்தக் கூட்டத்தில் எத்தனை என்று எண்ணிச் சொன்னால்தான் ஆள் யார் என்று தெரியும். "எண்ணாம எதுக்கும் பேர் சொல்லக் கூடாது" என்பது கண்ணாடியம்மாவின் வேதவாக்கு. கேட்டுக் கேட்டு ஓட்டுநருக்கே அது மனப்பாடம்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை. கண்ணாடியம்மா முழங்கால் அளவுத் தண்ணீரில் கல் புரட்டிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் ஒரு பாறைக்குழியில் குனிந்து ஃபிளாஸ்க் மூடியைக் கழுவிக்கொண்டிருந்தவர், திடீரென்று கத்தினார்.

"மேடம்! இங்க ஒரு புழு நீச்சலடிக்குது!"

"பகல்ல புழு எங்க அண்ணே நீச்சலடிக்கும்? இலை ஏதாவது இருக்கும்."

"இலைக்குக் கண்ணு இருக்குமா மேடம்? என்னையே பார்க்குது!"

சொன்னவர் கையோடு அதை ஃபிளாஸ்க் மூடியில் மொண்டுகொண்டு வந்துவிட்டார். முன்பாதி செங்கல் நிறம், பின்பாதி வெளுப்பு. கண் நான்கும் பிதுங்கி நின்றன. பின்னங்கால்கள் எல்லாம் துடுப்பாகத் தட்டையாகியிருந்தன. கண்ணாடியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இந்த வகைப் புழுக்களில் சில, இனம் பெருக்கும் நாள் வந்தால் வளையைவிட்டு இப்படி வேஷம் மாறி நீந்தப் புறப்படும். ஆனால் எந்தப் புழு இது? நிலையத்துக்கு வந்து தொண்டையைப் பார்த்தார். மூன்றாம் கூட்டத்தில் ஒன்பது பல், ஒரே வரிசையாக. உலகத்தில் அச்சான எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு புழு இல்லை. அடுத்த வருடம் அதைப் புது இனம் என்று எழுதி அச்சிட்டார். பிடித்தவர் பெயரையே லத்தீனில் அதற்கு வைத்தார். அந்த ஒரு புழு, பெயருக்குச் சாட்சியான மூல மாதிரியாக, சிவப்பு லேபிள் ஒட்டிய குப்பியில் தனி அலமாரிக்குப் போனது. ஓட்டுநர் ஃபிளாஸ்க் மூடியை இன்னொரு தரம் கழுவிவிட்டு அதிலேயே டீ குடித்தார்.

அச்சான பக்கம் சட்டம் போட்டு அவர் வீட்டு முன்னறையில் மாட்டப்பட்டது. வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி வைத்து ஓட்டுநர் கதை சொல்வார். ஒன்பது பல்லையும் விரல் விட்டு எண்ணிக் காட்டுவார். அவர் மனைவிதான் நடுவில் புகுந்து வாரிவிடுவாள்.

"வீடு எங்கப்பா கொடுத்தது, என் பேர்ல இருக்கு. ஸ்கூட்டர் பொண்ணு பேர்ல இருக்கு. இவங்க பேர்ல இந்த உலகத்துல இருக்கிறது ஒரே ஒரு புழுதான்."

இவங்க என்பாள், ஏங்க என்பாள். முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் கணவர் பெயர் அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. கேட்டால், "கூப்பிட்டாத் திரும்புறாங்க இல்ல, அப்புறம் பேர் எதுக்கு?" என்பாள்.

இப்போது ஓட்டுநர் ஓய்வு பெறப் பதினொரு நாள் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை காலையில்தான் அது நடந்தது.

சன்னலோரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் இரண்டு மாதமாகக் கல்லடிப்புழு வளர்த்துவந்தார். கல்லடிப்புழு என்றால் அந்தக் கரையில் மலிந்து கிடப்பது, எந்தக் கல்லைப் புரட்டினாலும் நான்கு அகப்படும். கீழ் அறை அலமாரியில் அறுநூற்று நாற்பது குப்பி நிறைய அதுதான். எங்கோ குளிர்க்கடல் ஒன்றில் நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஓர் அறிஞர் வைத்த பெயரே அதற்கும் பெயர். நிலையத்தைத் தொடங்கிய பெரியவர் முதல் குப்பியில் அந்தப் பெயரை எழுதினார், பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து எழுதினார்கள்.

காலையில் தொட்டியைப் பார்த்தால், கல்லுக்கடியில் கிடந்த ஒன்று மேலே வந்து நீந்திக்கொண்டிருந்தது. முன்பாதி செங்கல் நிறம், பின்பாதி வெளுப்பு. நான்கு கண்ணும் பிதுங்கி அவரையே பார்த்தன.

கண்ணாடியம்மா சிவப்பு லேபிள் குப்பியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். துடுப்புக்கால் தொடங்குகிற வளையம் இரண்டிலும் ஒன்றே. மீசையின் நீளம், முள்ளின் வளைவு, வால் நுனி எல்லாம் அச்சு அசல். தொண்டையை மட்டும் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை. கல்லடிப்புழுவின் பெயர் யாருக்குத் தெரியாது?

ஆக, ஓட்டுநரின் புழு தனி இனமே இல்லை. கல்லடிப்புழு கல்யாண வேஷம் போட்டால் ஓட்டுநரின் புழு, அவ்வளவுதான். ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்தது நிற்கும், பின்னால் வைத்தது விழும். அந்தத் துறையின் சட்டம் அது. யாருக்காகவும் தாட்சண்யம் பார்க்காத சட்டம்.

நண்டிடம் சொன்னார். நண்டு தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இப்ப வெளியில சொல்லாதீங்கம்மா. பிரிவு விழாவுக்கு என்ன பரிசு தெரியுமா? அந்தப் புழு படத்தைப் பெரிசா பிரிண்ட் போட்டு, கீழ அவர் பேரோட ஃபிரேம் பண்ணக் கொடுத்திருக்கு. அவர் பாட்டுக்குச் சந்தோஷமா வாங்கிட்டுப் போகட்டும். நீங்க அடுத்த வருஷம் எழுதுங்க, யாரு படிக்கப் போறா?"

"அவரு படிக்க மாட்டாரு. அதுக்காக, பொய்னு தெரிஞ்சதை அவர் கையில கொடுத்துக் கைதட்டச் சொல்றீங்களா?"

"பொய்னு ஏன் நினைக்கிறீங்க? மரியாதைன்னு நினைங்க."

அந்த யோசனை கண்ணாடியம்மாவுக்குப் பிடிக்கத்தான் செய்தது. மூன்று நாள் அதையே கட்டிக்கொண்டு காலம் தள்ளினார். மூன்று நாளும் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்தபோது ஓட்டுநர், விழாவில் தான் பேச வேண்டிய பேச்சைச் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தார். "பேச்சுல கடைசியா ஒன்பது பல்லைப் பத்திச் சொல்லலாம்னு இருக்கேன் மேடம். சரியா இருக்குமா?" என்று கேட்டபோது கண்ணாடியம்மா சன்னலுக்கு வெளியே பார்த்தார். இந்த மனுஷரை மேடையில் ஏற்றிவிட்டுக் கீழே உட்கார்ந்து கேட்க முடியாது என்று அப்போது தெரிந்துவிட்டது. அவ்வளவு கல்நெஞ்சு அவருக்கு இல்லை.

சனிக்கிழமை மதியம் ஓட்டுநர் வீட்டுக்குப் போனார். முன்னறையில் இரண்டு நாற்காலி, ஒரு தையல் மெஷின், சுவரில் சட்டம் போட்ட அந்தப் பக்கம். ஓட்டுநரின் மனைவி காபி கொண்டுவந்தாள். கண்ணாடியம்மா டம்ளரைத் தொடாமலே முழுதும் சொல்லி முடித்தார். மென்று விழுங்காமல் சொன்னார், அது ஒன்றுதான் அவரால் முடிந்தது.

ஓட்டுநர் சுவரில் மாட்டியிருந்த பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இருபத்திரண்டு வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டேனே மேடம்" என்றார். "சம்பந்தி வீட்ல போன மாசம்கூடச் சொன்னேன்."

"தப்பு என்னுதுண்ணே. உங்களுது இல்ல."

"அப்ப அந்தப் புழு?"

"புழு இருக்கும். பேருதான் போயிடும். பழைய பேருக்குக் கீழ, சின்ன எழுத்துல, ஒரு காலத்துல இப்படியும் சொன்னாங்கன்னு ஒரு வரி வரும்."

அப்போதுதான் எதிர்பாராத இடத்திலிருந்து இடி விழுந்தது. வருடக்கணக்காக அந்தப் புழுவைக் கேலி செய்தே பொழுதைப் போக்கியவள், தட்டை மெஷின்மேல் டங்கென்று வைத்தாள்.

"நல்லா இருக்கும்மா நியாயம். இவங்களா வந்து எனக்குப் பேர் வையுங்கன்னு கேட்டாங்க? நீங்களா வெச்சீங்க, இப்ப நீங்களா வந்து பிடுங்குறீங்க. நான் ஆயிரம் சொல்லுவேன், அது என் வீட்டுப் புழு. எவனோ குளிர்நாட்டுக்காரன் வெச்ச பேரை நம்ம கரைப் புழுவுக்கு வெக்கலாம், தினம் வண்டி ஓட்டி உங்களைக் கொண்டுபோய் விட்ட மனுஷன் பேரை வெக்கக் கூடாதா?"

"நீ சும்மா இரு" என்றார் ஓட்டுநர்.

"நான் ஏன் சும்மா இருக்கணும்?" என்றாள். கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, யார் கையும் படக் கூடாது என்பது போலச் சட்டத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

கண்ணாடியம்மா எழுந்துகொண்டார். செருப்பை மாட்டும்போது ஓட்டுநர் வாசல்வரை வந்தார். வழக்கம் போலக் குடையை எடுத்துக் கொடுத்தார். பிறகு, மனத்தாங்கலில் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆசையில் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் குளிர்நாட்டுக்காரர் புழுவுக்கும் மூணாங் கூட்டத்துல ஒன்பதுதானா மேடம்?"

"இல்லண்ணே. அதுக்கு இருபதுக்கு மேல, குவியலா..."

சொல்லிக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். ஒரு கால் செருப்பில், ஒரு கால் வெளியில்.

"அப்ப நம்ம கல்லடிப்புழுவுக்கு எத்தனை?"

கண்ணாடியம்மா இருபத்து நான்கு வருடமாக ஆயிரக்கணக்கில் பார்த்த புழு. பார்த்ததும் தெரிகிற புழு. வாளியிலிருந்து எடுத்து, பெயர் எழுதி, குப்பியில் போட்டு மூடிய புழு.

"எண்ணலைண்ணே" என்றார்.

"எண்ணாம எதுக்கும் பேர் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே..." என்று தொடங்கிய ஓட்டுநர், மரியாதை கருதிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கண்ணாடியம்மா காவலாளியிடம் சாவி வாங்கிக் கீழ் அறையைத் திறந்தார். மேல் தட்டிலிருந்து நாற்பது குப்பி இறக்கினார். ஸ்பிரிட்டில் ஊறிய புழுக்கள் தொண்டையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தன. ஒவ்வொன்றின் தொண்டையையும் ஊசியால் கீறி விரித்துப் பார்த்தார். மூன்றாம் கூட்டம்: ஒன்பது. அடுத்தது எட்டு. ஒன்பது. பத்து. ஒன்பது. பெரியவர் கைப்பட எழுதிய முதல் குப்பி, அதிலும் ஒன்பது. நாற்பதில் ஒன்றிலும் இருபது இல்லை. பன்னிரண்டுகூட இல்லை.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அவமானமும் வந்தது. குளிர்க்கடல் புழு இந்தக் கரைக்கு வந்ததே இல்லை. பெரியவர் கையில் இருந்தது குளிர்நாட்டுப் புத்தகம் ஒன்றுதான். அதில் தோற்றத்தில் நெருங்கி வந்ததை எழுதிவைத்தார். பின்னால் வந்த யாரும் எண்ணவில்லை, ஊருக்கெல்லாம் எண்ணச் சொன்ன அவரும் எண்ணவில்லை. ஓட்டுநர் கொண்டுவந்தது விசித்திரமாக இருந்ததால் அதை மட்டும் எண்ணினார். பதினான்கு ஆண்டறிக்கையில், கூசாமல், இல்லாத ஒரு புழுவின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஆனால் கல்லடிப்புழுவுக்குக் குளிர்க்கடல் பெயர் சொந்தமில்லை என்றால், அதற்கு உரிய பெயர் என்ன? கரையோரம் முழுக்க, ஒவ்வொரு கல்லுக்கடியிலும் நெளிகிற அந்தப் புழுவுக்கு முறைப்படி இதுவரை யாராவது பெயர் வைத்திருக்கிறார்களா? ஒரே ஒருவர் வைத்திருக்கிறார், இருபத்தோரு வருடத்துக்கு முன்னால். அதன் கல்யாண வேஷத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்திருக்கிறார்.

மறுநாள் இயக்குநரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். இயக்குநர் அறிக்கைகளைப் புரட்டிவிட்டு, "பதினாலுமா?" என்று மட்டும் கேட்டார். "பதினாலும்" என்றார் கண்ணாடியம்மா. அன்று சாயங்காலத்துக்குள் நிலையம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவர் வந்தால் பாசியும் முத்தும் பேச்சை மாற்றினார்கள். அது வலித்தது. வலிக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

ஓட்டுநரிடம் இது எதையும் சொல்லவில்லை. ஒரு தரம் கொடுத்துப் பிடுங்கியாயிற்று, இன்னொரு தரம் அப்படி நடந்தால் அந்த மனுஷர் தாங்கலாம், தன்னால் தாங்க முடியாது. குளிர்க்கடல் புழுவின் மூல மாதிரி இருக்கிற அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதினார். கரையோரத்தில் வேறு யாராவது இந்தப் புழுவுக்கு முன்பே பெயர் வைத்துத் தொலைத்திருக்கிறார்களா என்று பழைய ஏடுகளையெல்லாம் தேட வேண்டியிருந்தது. "இன்னும் எண்ணி முடியலைண்ணே" என்று மட்டும் ஓட்டுநரிடம் சொன்னார்.

பிரிவு விழாவில் புழுப் படம் இல்லை. சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். ஓட்டுநர் மேடையேறி, டயரைப் பற்றியும் மழைக்காலத்து ரோட்டைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேசினார். புழு என்ற சொல்லே வரவில்லை. முன்வரிசையில் அவர் மனைவி கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியம்மா இருந்த பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தாள்.

அருங்காட்சியகத்திலிருந்து படங்கள் வர ஏழு வாரம் ஆயிற்று. அதற்குள் மிச்ச அறுநூறு குப்பியையும் எண்ணி முடித்திருந்தார், எதிலும் பத்தைத் தாண்டவில்லை. குளிர்க்கடல் புழுவின் படத்தில் மூன்றாம் கூட்டத்தில் இருபத்தாறு பல், குவியலாக. பழைய ஏடுகளில் வேறு பெயர் எதுவும் அகப்படவில்லை. கட்டுரை எழுதி அனுப்பி, மூன்று பேர் குறுக்கு விசாரணை செய்து, அச்சாகி வர ஒன்பது மாதம். அது வந்த அன்றே கண்ணாடியம்மா ஓட்டுநருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, உங்க கையெழுத்து அழகா இருக்கும். ஒரு எழுத்து வேலை இருக்கு, வர முடியுமா? அண்ணியையும் கூட்டிட்டு வாங்க."

கீழ் அறை மேசையில் அறுநூற்று நாற்பது குப்பி வரிசையாக நின்றது. பக்கத்தில் வெட்டிவைத்த தடித்த காகிதம், ஸ்பிரிட்டில் கரையாத கறுப்பு மை, இரண்டு பேனா. புது லேபிளில் எழுத வேண்டிய பெயரை ஒரு சீட்டில் எழுதி முன்னால் வைத்திருந்தார். ஓட்டுநர் சீட்டை எடுத்தார். படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இது என்னோடது இல்ல மேடம்?"

"உங்களோடதுதான்."

"எத்தனை குப்பிக்கு?"

"எல்லாத்துக்கும். நம்ம கரையில எந்தக் கல்லைப் புரட்டினாலும் இனி அதுதாண்ணே. நீங்க அன்னைக்கு வாசல்ல கேட்டீங்களே, அந்தக் கேள்வி கட்டுரையிலயே இருக்கு. யார் கேட்டதுன்னும் போட்டிருக்கேன்."

ஓட்டுநர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வண்டிப் பதிவேட்டில் எழுதுகிற அதே நிதானத்தோடு முதல் லேபிளை எழுதினார்.

மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு குப்பிகளைக் கடைசிவரை பார்த்தாள். "அடேங்கப்பா" என்றாள். பிறகு கண்ணாடியம்மாவைப் பார்த்து, அந்தச் சனிக்கிழமையிலிருந்து முறைத்துக்கொண்டிருந்ததை எல்லாம் சேர்த்து ஒரே சிரிப்பாகச் சிரித்தாள். கண்ணாடியம்மாவுக்கு உடம்பே லேசானது.

இருநூறாவது குப்பியில் ஓட்டுநருக்கு விரல் பிடித்துக்கொண்டது. "எங்கப்பா இன்னும் சின்னப் பேரா வெச்சிருக்கலாம்" என்று கையை உதறினார். மனைவி அவரை நகரச் சொல்லிவிட்டு இன்னொரு பேனாவை எடுத்தாள். எழுதியது சரியா என்று பார்க்கும் வேலை கண்ணாடியம்மாவுக்கு. "எழுதினதைச் சத்தமா படிச்சுட்டுப் போடுங்கம்மா, எழுத்து விட்டுடக் கூடாது" என்றார்.

அவள் எழுதினாள். காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கொஞ்சம் தயங்கினாள். பிறகு கணீரென்று படித்தாள்.

விரலை நீவிக்கொண்டிருந்த ஓட்டுநர் வெடுக்கென்று நிமிர்ந்தார். முப்பத்திரண்டு வருடத்தில் கேட்காத குரல்.

"என்ன சொன்ன?"

"உங்களைச் சொல்லலை" என்றாள் அவள், அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டே. "புழுவைச் சொன்னேன்."

சொல்லிவிட்டு இன்னும் நானூற்றுச் சொச்சம் தடவை சொன்னாள்.